கல்யாணத்துக்குப் பிறகு இளவரசி எங்கே போனாள்?

ஈரமான புறங்கையால் கைப்பேசித் திரையைத் தட்டி நிறுத்திவிட்டு, “பாப்பா, இங்க வாயேன். செவுத்துல மாட்டியிருக்கிற படத்தப் பாரு” என்று அண்ணி என்னைக் கூப்பிட்ட அந்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பாதி நறுக்கிய கத்தரிக்காய் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள், அப்போது மூன்று வயது, வாயில் அடக்கிய சோற்றை விழுங்காமல் கார்ட்டூன் ஏன் நின்றது என்று சிணுங்கினாள். திரையில், தமிழ் பேசும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் ஓவியம், கட்டைவிரல் நகத்தளவு. அண்ணி இரண்டு விரலால் அதை விரித்துப் பெரிதாக்கினார். “எடது புருவத்துல வெட்டு இருக்குது பாரு. இவளத்தான் நாம போன வாரம் பாத்தோம். ஆடு மேய்ச்சாளே, அவதான் இவ.”

அண்ணி அனந்தபுரத்துக்காரர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் பி.ஏ. வரலாறு படித்தவர். படித்து முடித்த கையோடு எங்கள் அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். செஞ்சிக் கடைத்தெருவை ஒட்டிய எங்கள் வீட்டில் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் இல்லை. குழம்புக்குப் புளி கரைக்க வரலாறு எதற்கு? ஆனால் குழந்தை கைப்பேசியில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். அதனால் அண்ணியும் நாளுக்கு மூன்று வேளை இளவரசிகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. மற்ற அம்மாக்கள் சோற்றைப் பார்த்தார்கள், அண்ணி விளக்கைப் பார்த்தார். எந்தப் படத்தில் தீப்பந்தம், எதில் மெழுகுவத்தி, எதில் கண்ணாடிக் கூண்டு விளக்கு என்று கவனித்து, இந்தக் கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடுவார். “உடுப்ப நம்பாத பாப்பா. கதை பண்றவங்க உடுப்பு விஷயத்துல கண்டபடி போடுவாங்க. வெளக்கு பொய் சொல்லாது” என்பார்.

அப்படித்தான் அவர் ஒரு கதைக்கும் இன்னொரு கதைக்கும் முடிச்சுப் போட்டார். ஆடு மேய்க்கும் பெண் தீப்பந்தக் காலத்தவள். சதுப்பு நிலத்துப் பூதத்தை ஜெயித்து, ராஜகுமாரனைக் கட்டிக்கொள்வாள். மேளம் கொட்டும், புறா பறக்கும், படம் முடிந்துவிடும். அடுத்த படம் மெழுகுவத்திக் காலம், கடலில் பாய்மரக் கப்பல்கள். அதில் கலங்கரை விளக்கத்துக்காரரின் மகளுக்கு அம்மா கிடையாது, சுவரில் ஓவியம்தான். அந்த ஓவியத்தில் இருப்பவள் ஆடு மேய்த்தவள். இந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிறது, புறா பறக்கிறது. மூன்றாவது படத்தில் ரயில் ஓடுகிறது, தெருவெல்லாம் கூண்டு விளக்கு. மணிக்கூண்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கழுத்துப் பதக்கத்துக்குள் செத்துப்போன அம்மாவின் புகைப்படம். முகம் கலங்கரை விளக்கத்துப் பெண்ணின் முகம்.

“எடையில எரநூறு வருஷம் ஆயிருக்குமே அண்ணி?” என்று கேட்டேன்.

“கதையில அவளுக்கு வயசு ஏது? கல்யாணம் ஆன அன்னிக்கே அவள கதைய வுட்டு வெளிய தள்ளிடறாங்க. அதுக்கப்புறம் இன்னா ஆனான்னு ஒருத்தனும் காட்டல. அவ பாட்டுக்கு நடந்து அடுத்த காலத்துக்கு வந்துடறா. ஒரு பொண்ணப் பெத்துக் குடுக்கறா. அவங்க அவள செவுத்துல மாட்டிடறாங்க.” சொல்லிவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தார். இன்று வரை அந்தப் படங்களை வேறு விதமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தான். ஒரே கம்பெனி, ஒரே ஆள் வரைந்திருப்பான், சோம்பேறித்தனத்தில் அதே மூஞ்சியைத் திரும்பப் போட்டிருப்பான் என்றான். அண்ணி சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “ஆட்ட மாத்தி வரைஞ்சான், குதிரைய மாத்தி வரைஞ்சான், செத்தவளுக்கு மட்டும் மூஞ்சி மாத்தத் தெரியாமப் பூட்டுச்சாங்க?” என்று கேட்டார். அண்ணன் அப்பளம் கேட்டான்.

எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பொம்மைப் படத்துக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் அண்ணிக்கு “வேலையத்தவ” என்று பேர் வந்தது. இதில்தான் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று மலை, நடுவில் ஊர், மலை மேல் கோட்டை. எத்தனையோ பேர் கட்டினார்கள், எத்தனையோ பேர் பிடித்தார்கள், இடித்தார்கள், திரும்பக் கட்டினார்கள். ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் எல்லாம் ஒரே ராஜாதான். களஞ்சியம் கட்டியது ராஜா, குளம் வெட்டியது ராஜா, அவருக்கு முன்னூறு வருஷம் முந்தி வைத்த கல்லும் ராஜா வைத்ததுதான். பாறையில் ஒரு பள்ளம் இருந்தால் அது ராஜாவின் குதிரைக் குளம்பு பட்ட இடம். வெளியூர்க்காரர் கேட்டால் நைனாவே கையை நீட்டி நீட்டி இதையெல்லாம் சொல்வார். நாலு காலத்தைப் பிசைந்து ஒரே உருண்டையாக உருட்டி ஊட்டும் ஊர் இது. அதை ஒருவரும் வேலையற்ற பேச்சு என்று சொன்னதில்லை. ராணி என்ன ஆனாள் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி வெட்கமும் கிடையாது.

கரண்ட் போகும் நாள்தான் அண்ணியின் நாள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். தெருவில் மிக்சி ஓடாது, டி.வி. அலறாது, எதிர்வீட்டு மோட்டார் உறுமாது. எல்லோரும் புழுக்கம் தாங்காமல் வாசலுக்குப் போய்விடுவார்கள். அண்ணி முதல் நாளே சார்ஜ் ஏற்றி வைத்த கைப்பேசியோடு அரிசி மூட்டை இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வியர்வை கொட்டக் கொட்டப் பேசிப் பதிவு செய்வார். முகம் காட்டமாட்டார், பேர் சொல்லமாட்டார். படங்களை நிறுத்தி நிறுத்திக் காட்ட அவர் குரல் மட்டும் ஓடும். நான் அவற்றை ஒட்டிச் சேர்த்து, இணையத்தில் ஒரு வலைக்காட்சி தொடங்கி அதில் ஏற்றினேன். முதலில் பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை. பிறகு எங்கெங்கிருந்தோ பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். “அக்கா, இன்னொரு படத்துலயும் செத்துப்போன அம்மா இருக்காங்க, அவங்களையும் பாருங்க” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அண்ணி அதைப் படித்துவிட்டு மாவாட்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு கல்யாணப் பந்தியில் கெட்டது. சிங்கவரத்து உறவினர் ஒருவர் இலையில் கையை வைத்துக்கொண்டே அண்ணனிடம், “எம் பொண்ணு போன்ல ஒரு பொம்பள பேசறது கேக்குதுப்பா. அசப்புல உம் பொண்டாட்டி கொரலு மாதிரியே இருக்குது” என்றார். அவ்வளவுதான். அதில் கெட்ட வார்த்தை இல்லை, கெட்ட எண்ணம் இல்லை, மூன்று பொம்மைப் பெண்களைப் பற்றிய பேச்சு. ஆனால் வீட்டுப் பெண்ணின் குரல் ஊரார் கைப்பேசியில் கேட்கிறதாம். அன்று ராத்திரி “கௌரவமா இருக்கற குடும்பம்மா” என்றார் நைனா. அண்ணன்தான் பெரிய மனசு பண்ணித் தீர்ப்புச் சொன்னான்: “உட்டுடவேணாம். நீ சொல்லு, நான் பேசறேன். யாரு பேசுனா இன்னா, விஷயம் ஒண்ணுதான?”

விஷயம் ஒன்றாக இருந்ததா? முதலில் அண்ணி சொன்னதைத்தான் பேசினான். கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. செத்துப்போன அம்மாக்களைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை எத்தனை நாள் பேசுவான்? மூன்று படத்திலும் ஓரமாக ஒரு வெள்ளைத்தாடி ராஜா வருவார். அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டான். மூன்று காலத்திலும் ஆள்வது ஒரே சாகாத ராஜா, அவர்தான் எல்லாக் கதைக்கும் சூத்திரதாரி என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். செஞ்சிக்காரன் வேறென்ன சொல்வான்? ஊர்க்கோட்டைக்குச் சொன்ன கதையையே கொண்டுபோய் வெள்ளைக்காரக் கோட்டைக்கும் சொன்னான். அது தீயாய்ப் பரவியது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால், “இன்னா மூளைப்பா உனக்கு” என்று தோளைத் தட்டினார்கள். நைனா அந்த வீடியோவைத் தானே எல்லோருக்கும் காட்டினார். இப்போது அது பொம்மைப் படம் இல்லை, ஆராய்ச்சி.

மூன்றாவது படத்தில் ராஜாவுக்கு ஒரு கை கிடையாது, முதல் படத்தில் இரண்டு கையும் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு ஆள் என்று அண்ணி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். “ஜனங்களுக்குப் புடிச்சிருக்குதே” என்றான் அண்ணன்.

பிறகு ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு போனோம். அண்ணி கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சால்வை போர்த்தினார்கள், ராஜா கதை நடந்தது, கைதட்டல். கேள்வி கேட்கலாம் என்று ஆசிரியை சொன்னதும், எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். ரெட்டைச் சடை, நடுங்கிய குரல். “சார், ராஜா எல்லா காலத்துலயும் இருக்கறாருன்னா, ராணி எங்க சார் போறாங்க?”

அண்ணனுக்குத் தெரியும். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் பிறந்தது, பதிலும் அங்கேதான் இருந்தது, அவன் தினமும் சாப்பிட்ட இடம். ஒரு விநாடி அண்ணியைப் பார்த்தான். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், “எங்க போவாங்க? உள்ள ராஜாவுக்கு சமைச்சிக்கிட்டு இருப்பாங்க” என்றான். பந்தலே சிரித்தது. ஆசிரியைகள் சிரித்தார்கள். நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேட்ட பெண் முகம் கறுத்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சாரின் மிஸஸ் மேடைக்கு வரவும் என்று அழைத்தார்கள். அண்ணி போய் ஓரமாக நின்றார், படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துத் தரையில் அடிக்கலாம் போலிருக்கும்.

வீட்டுக்கு வரும்போது நான்தான் அழுதேன். அண்ணி அழவில்லை. “அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டுச்சு. யாரும் பதில் சொல்லலையே பாப்பா” என்று மட்டும் சொன்னார். அந்த வருத்தம் தன்னைப் பற்றியது அல்ல, அந்தப் பெண்ணைப் பற்றியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் இப்போது திண்டிவனத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அண்ணனின் வலைக்காட்சியில் ராஜா கதையின் ஐந்தாம் பாகம் வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. “இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது என் அண்ணி. அவர் சொன்னது ராஜாவைப் பற்றி அல்ல” என்று கீழே எழுதினேன். எடுத்துவிட்டான். மறுபடி எழுதினேன். நான் அங்கே எழுதவே முடியாதபடி தடுத்துவிட்டுப் போன் போட்டான். “குடும்ப விஷயத்த சந்திக்கு இழுக்கறியா? உனக்கு இன்னா வந்துச்சி?” என்று கத்தினான். நானும் கத்தினேன். திருடன் என்று சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

மறுநாள் அண்ணி பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன். “எடுக்கறதுக்குள்ள நான் படிச்சிட்டேன்” என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. “ஆனா ‘என் அண்ணி’ன்னு போட்டிருக்கியே, படிக்கறவங்களுக்கு அது யாருன்னு தெரியும்? செவுத்துல மாட்டுனவளுக்குத்தான் பேரு இருக்காது. எனக்கு இருக்குது இல்ல?” நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை செஞ்சியில் கரண்ட் இல்லை. சாயங்காலம் எனக்கு ஒரு வீடியோ வந்து விழுந்தது. புதிய வலைக்காட்சி, பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. அலுவலகப் படிக்கட்டில் நின்று கேட்டேன். இந்த முறை திரையில் பொம்மை இல்லை, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் அண்ணியின் முகம். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

“வணக்கம். நான் மகேஸ்வரி. செஞ்சிலேர்ந்து பேசறேன்.”

உடனே வெளியிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “ஏய், உள்ள யாரு பேசறது?”

அண்ணி அந்த இடத்தை வெட்டவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, “நான்தாங்க பேசறேன்” என்று சத்தமாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

“அன்னிக்கு ஸ்கூல்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, ராணி எங்க போனாங்கன்னு. சொல்றேன், கேளு கண்ணு.”