பீரங்கியில் ஒரு கதம்பச் சரம்

மாயவரம் பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் தஞ்சாவூர்ப் பூங்காவுக்குள் நுழைகிறேன். போரில் உயிர்விட்ட சிப்பாய்களின் நினைவாக இரண்டு பழைய பீரங்கிகளை மேடைகட்டி வைத்திருக்கிறார்கள். வெயிலில் கொதிக்கும் பீரங்கிக் குழாயில் ஓர் அம்மாள் கதம்பச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

“வீட்டுக்காரர் சண்டையில இறந்துட்டாராம்மா?” என்று கேட்கிறேன்.

“இல்லைங்க. சண்டையிலேருந்து முழுசா திரும்பி வந்தாரு. அறுப்புல கூலி கூடுதலாக் கேட்டதுக்கு மிராசுதார் ஆளுங்க வரப்புலயே அடிச்சுக் கொன்னுட்டாங்க. ஊர்ல அவரு நினைவா ஒரு கல்லு நடக்கூட விடல.”

தொங்கும் சரத்தின் நுனியை எடுத்து அவரிடம் நீட்டுகிறேன்.

“போன தடவை வாட்ச்மேன் பூவை அவுத்துப் போட்டுட்டாரு. எங்க வீட்டுக்காரரும் பட்டாளத்துக்காரர்தானே, நான் இங்க வைக்கக் கூடாதாங்க?”

“வைக்கலாம்மா” என்கிறேன். அதைச் சொல்ல நான் யார் என்று உடனே குழம்புகிறேன். அவர் அதற்குள் முடிச்சை இறுக்கிக் கட்டிவிடுகிறார்.