திரை முழுக்க என் கேடயம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தட்டாஞ்சாவடியில் ஃபைபர் கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். என் கதவில் குறை கண்டவன் புதுச்சேரியில் இல்லை. அதனால்தான் ஒரு படக்கதைப் புத்தகத்தை டிவிக்காகப் படமெடுக்க வந்தவர்கள், சூப்பர் ஹீரோவின் கேடயத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள். கையில் காசில்லாத கம்பெனி. ஹீரோ போட்டிருந்தது பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை. கேடயம் மட்டும் அசல் வேலை.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் படப்பிடிப்பு. மோத வரும் லாரிக்கு முன்னால் ஹீரோ கேடயத்தை நீட்டி ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண்ணாக நடிக்க இருந்தவள் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த என் மனைவியை நிறுத்தினார்கள்.

"சும்மா கத்தணும், அவ்ளோதானே?" என்றாள்.

"வீட்டுல கத்தற மாதிரியே கத்து."

"ஒங்க மூஞ்சிய நெனச்சிக்கிட்டா தானா வரும்."

எடுத்ததை டைரக்டர் போட்டுக் காட்டினார். அவள் முகம் முழுசாக இருந்தது. கேடயம் ஓரத்தில் பாதிதான். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ரெண்டு வாரம் தேச்ச பொருளு. கேமராவுக்கு நேரா புடிக்கச் சொல்லு," என்றேன்.

நான் சொன்னால் நடக்கும். மறுபடி எடுத்தார்கள்.

ஞாயிறு மதியம் டிவியில் வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு ஒன்பது நாள் முன்னால் மார் வலிக்கிறது என்றாள் என் மனைவி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. செல்போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். அவள் அசைகிற படம் என்று வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

"பதினாறாம் நாள் காரியம் முடியாம டிவி போடக்கூடாதுடா," என்றாள் அக்கா.

"அவள பாக்கணும்கா."

"அதான் போட்டோ மாட்டியிருக்கே. பாரு."

பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி அங்கிருந்த டிவியைப் போட்டார்.

லாரி வந்தது. ஹீரோ பாய்ந்தான். திரை முழுக்க என் கேடயம். அதற்கு மேலே கொஞ்சம் தலைமுடி, கீழே நீலப் புடவையின் கரை. கத்தல் கேட்டது. அவள் குரல் இல்லை, பிறகு யாரையோ வைத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

"மொதலாளி, கண்ணாடி மாதிரி மின்னுது பாருங்க," என்றார் மேஸ்திரி.

"ம்."

படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி திரும்ப வரவில்லை.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். எங்கே போய் வந்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

"பாத்துட்டியா?"

"கேடயம் நல்லா வந்திருக்கு," என்றேன். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.