ஞாயிற்றுக்கிழமை உபயம்

எங்கள் ஈஜோக் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஞாயிறு காலை உடற்பயிற்சியை நான் தொடங்கிய அன்று திடல் நிறைந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் டீ-சட்டை இலவசம் என்று நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன். அடுத்த வாரம் அந்தச் சட்டைகளைப் பல இடங்களில் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்தில் ஒன்று, கோலா சிலாங்கூர் சந்தையில் ஒன்று, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறையாக ஒன்று. திடலில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு கிளினிக்கிலிருந்து மலாய்க்கார நர்ஸ் ஒருவர், எங்களுக்கு மிஸ்ஸி, மெஷினோடு வந்து, விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை, அதாவது இனிப்பு நீர், பார்ப்பார். காலி நாற்காலிகளைப் பார்த்ததும், "ஆளில்லாத இடத்துக்கு நான் எதற்கு? இனி எல்லாரும் கோலா சிலாங்கூர் கிளினிக்குக்கே வரட்டும்" என்றார். இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஊருக்காக இல்லை, என் அண்ணிக்காக.

அண்ணி எனக்கு அடுத்த வீடு. இனிப்பு நீர் முற்றி, போன வருடம் காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். நொண்டி நடப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று அதிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. கிளினிக்குக்கு என்று அண்ணன் காரை எடுத்தாலும் ஏற மாட்டார். மெஷின் திடலுக்கே வந்தால் என்றாவது ஒரு நாள் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். அதுவும் நின்றுபோனால் அடுத்து பாதத்தையே எடுப்பார்களோ என்று பயந்தேன்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு மழை வருமாம். லோரி ஓட்டுகிற ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்.

"சும்மா கையக் கால ஆட்டிட்டுப் போறதுல என்னா லா இருக்கு? கோயில்ல உபயம் எடுத்தா மைக்ல பேரு சொல்றாங்க, மால போடுறாங்க."

எனக்குப் பொறி தட்டியது. திருவிழாவில் ஒரு நாள் பூசையை ஒரு குடும்பம் ஏற்று நடத்துவதுதான் உபயம். எங்கள் ஆட்கள் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வராமல் இருப்பார்கள், தங்கள் உபயத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள். கோயில் மைக்கை இரவல் வாங்கி, இனி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பத்தின் உபயம், மைக்கில் பெயரும் கழுத்தில் மாலையும் உண்டு என்று அறிவித்தேன்.

முதல் வாரம் லோரிக்காரர் குடும்பம் சுண்டல் கொண்டுவந்தது. சுண்டல்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த குடும்பம் மானத்தைக் காப்பாற்ற வடையும் சேர்த்தது. அதற்கடுத்த குடும்பம் கேசரி. அப்புறம் வந்தவர்கள் கொட்டகையே போட்டு, ஓர் அண்டா பாயசத்தை இறக்கினார்கள். திடலில் நிற்க இடமில்லை. குனிந்து நிமிர்ந்தது கொஞ்ச நேரம், பந்திதான் நெடுநேரம். பொய் சொல்வானேன், நானே இரண்டாவது டம்ளர் வாங்கினேன்.

அன்றைக்குத்தான் மிஸ்ஸி வந்தார். பாயசம் குடித்த கையோடு விரலை நீட்டினால் மெஷின் பாவம் என்ன செய்யும்? பார்க்கப் பார்க்க அவர் முகம் சிவந்தது. "செனாம் கெ, கெண்டுரி?" என்றார். உடற்பயிற்சியா, விருந்தா என்று. அடுத்த ஞாயிறும் வருவதாகவும், அதிலும் இதே கூத்து என்றால் அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி உபயத்தில் சாப்பாடு கிடையாது, உபயதாரர் முன்னால் நின்று பயிற்சி சொல்லிக்கொடுத்தால் போதும் என்று அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் அடுத்த உபயம் யாருடையது என்று நினைவுக்கு வந்தது. அண்ணியுடையது! வீட்டுக்குள்ளிருந்தே மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு, பொறுக்க முடியாமல் அவரே ஆளனுப்பி வாங்கிய உபயம். நெய்யும் முந்திரியும் வாங்கி வைத்தாகிவிட்டது.

"வெறுங்கைய வீசிட்டு வந்து நிக்கிறதுக்குப் பேரு உபயமா? நான் வரல, போ" என்று கதவைச் சாத்தினார். அன்று முழுக்க என் வாயை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு வந்தது. சாப்பாடு இல்லையென்றதும் கூட்டம் பாதியாகிவிட்டது. மிஸ்ஸி பையைத் திறக்கவே இல்லை. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தேன்.

அப்போது பட்டுப்புடவை கட்டி, கைத்தடியை ஊன்றி, அத்தனை பேரும் பார்க்க நொண்டிக்கொண்டே வந்தார் அண்ணி. நேராக வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். தன் பெயர், அண்ணன் பெயர், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒருவரையும் விடாமல் அறிவித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. ஆசுபத்திரிக்கு ஒரு விரல உபயம் குடுத்தாச்சு. மிச்சம் ஒம்பதும் எனக்கு வேணும். எல்லாரும் உக்காந்து காலத் தூக்குங்க!"

அண்ணியே முதலில் சிரித்தார், அப்புறம்தான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. லோரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலைத் தூக்கினார். பின்னாலேயே திடல் முழுக்கக் கால்கள். எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

மிஸ்ஸி மெஷினை வெளியே எடுத்தார். முதல் ஆளாக விரலை நீட்டிய அண்ணி, என் பக்கம் திரும்பினார்.

"எங்க லா என் மால?"

மாலை வாங்கவில்லை. அவர் வரமாட்டார் என்று நினைத்துவிட்டேன்.