எதிர்ப்பக்கம் நின்ற கார்

வாசலைக் கழுவிவிட்டபடியே அமிர்தவல்லி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சார், காரை அந்தப் பக்கம் மாத்திடுங்க. தேதி மாறிடுச்சு."

அந்தத் தெருவில் ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படையில் எதிர்ப்பக்கம் வண்டி நிறுத்த வேண்டும். தவளக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து மொரீஸ் முசேயின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு இது பழகிப்போன விஷயம். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; அவர் இருப்பது பிரான்சில். வீட்டை நாள் வாடகைக்கு விட்டிருந்தார். சாவி கொடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, கார் எங்கே நிற்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஊரில் புருஷனுக்கு விவசாயம் என்று பேர். அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான்.

"தங்க வர்றவங்க இன்னொரு வாட்டி குறை சொன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று முசே போன வாரம்தான் போனில் சொல்லியிருந்தார். இந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டவள் எதிர்வீட்டு வயதான ஏலிஸ் மதாம். பத்து மணி ஆனால் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பவளும் அவள்தான்.

சென்னையிலிருந்து வந்து மாடியில் தங்கியிருந்த இராமதாஸ், காரை ஏலிஸ் மதாம் வீட்டோரம் மாற்றி நிறுத்திவிட்டு டிபன் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் சக்கரத்தில் போலீஸ் பூட்டு.

"நேத்து முப்பத்தொண்ணு, இன்னிக்கு ஒண்ணு. ரெண்டும் ஒத்தப்படைதானே சார்? அதே பக்கம் விட்டிருக்கணும்" என்றார் போலீஸ்காரர்.

இராமதாஸ் திரும்பினார். "ஏம்மா, நீதான மாத்தச் சொன்ன?"

அமிர்தவல்லி எதிர்வீட்டைக் கை காட்டினாள். "எனக்கென்ன சார் தெரியும்? எதிர்வீட்டு மதாம்தான் மாத்தச் சொல்லுன்னாங்க."

ஏலிஸ் மதாம் ஜன்னலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"நீங்களா சொன்னீங்க?" என்றார் இராமதாஸ்.

மதாம் அமிர்தவல்லியை ஒருமுறை பார்த்தாள். "ஆமா. நான்தான் சொன்னேன். பர்தோன், முசே. மன்னிச்சுக்குங்க."

"வயசானா வீட்டுக்குள்ள கிடக்கணும். ஊரான் வண்டிய மேய்க்கிற வேலை எதுக்கு?" என்றார் அவர்.

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பத்து மணிக்குக் காப்பிக்கு அழைப்பு வரவில்லை. அமிர்தவல்லி தானாகப் போனாள். மதாம் சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் மதாம். வேலை போயிடுமோன்னு வாயில வந்துடுச்சு. அவருகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்துதான் அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அது அவளுக்கே தெரிந்தது.

"மாடியிலதான் இருக்காரு" என்றாள் மதாம், தலை நிமிராமல்.

அமிர்தவல்லி முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். கால் வாசல் பக்கம் திரும்பவில்லை. கத்தி பலகையில் பட்டுக்கொண்டே இருந்தது.

"என்மேல கோவமா மதாம்?"

மதாம் நறுக்கியதைத் தட்டில் வழித்துக்கொண்டு, எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.