மெஷின் தாளத்தில் ஒரு மன்னிப்பு

குரும்பலூரில் எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பார். பாடுவதற்கு மட்டும்தான் அவற்றை எடுப்பார். தானே பாட்டுக் கட்டி, தையல் மெஷினை மிதித்துத் தாளம் சேர்த்து, போனில் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவார்.

ஒருநாள் நான் போனபோது மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"புதுப் பாட்டாம்மா?"

"மன்னிப்புங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல என் பாட்டைப் போட்டேன். பொம்பள பாடி அனுப்புறது அசிங்கமாம். குரூப்புலயே மன்னிப்பு கேளு, இல்லன்னா தூக்கிடுவேன்னு எங்க வூட்டுக்காரரோட அண்ணன் சொல்லிட்டாரு. வாய்ஸ் மெசேஜ்லதான் கேக்கணுமாம்."

ஊசிகளை எடுத்து வைத்தார். மெஷின் ஓடத் தொடங்கியது.

"தொண்டை இருக்குறது குத்தமுன்னு தெரியலையே மாமா, மன்னிச்சுக்குங்க மாமா" என்று உச்சத்தில் எடுத்து, இரண்டு சரணம் முழுசாகப் பாடி அனுப்பினார்.

எனக்குத்தான் பயம். "தூக்கிடப் போறாரும்மா."

"பாட்டக் கேட்டுட்டுத்தானே தூக்கணும்? நீங்க கையத் தூக்குங்க, அளவு எடுக்கணும்."

பாதி அளவு எடுப்பதற்குள் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். போனைப் பார்த்துவிட்டு, டேப்பைத் திரும்பவும் என் கையில் சுற்றினார். உடனே இன்னொரு வாய்ஸ் மெசேஜ். அந்த அண்ணனின் மனைவி, குசுகுசுவென்று: "ஏய், இவரு அழிச்சிட்டாரு. எனக்குத் தனியா அனுப்புடி."

அம்மா சிரித்த சிரிப்பில் என் அளவு தவறிப்போனது. அந்த ஜாக்கெட்டில் ஒரு கை இன்றும் இறுக்கம்தான். பிரித்துத் தைக்க எனக்கு மனம் வரவில்லை.