மாப்பிள்ளை ஓப்பனிங்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் அணியைப் போலப் பார்க்கச் சகிக்காத கிரிக்கெட் அணி ஷார்ஜாவில் வேறு கிடையாது. தோற்பதைச் சொல்லவில்லை. தோல்வி எல்லாருக்கும் வரும். இவர்கள் மரியாதை பார்த்தே தோற்கிறவர்கள். பந்து உயரே எழும்பும். கீழே இரண்டு பேர் நிற்பார்கள். மூத்தவர் காக்கா, எங்கள் ஊர் வழக்கில் அண்ணன், அவர் பிடிக்கட்டும் என்று சின்னவன் ஒதுங்குவான். சின்னப் பையன் ஆசைப்படுகிறானே என்று பெரியவர் நின்றுவிடுவார். பந்து இருவருக்கும் நடுவில் மணலில் விழும். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அணியில் எல்லாரும் ஒரே கடலோர ஊர்க்காரர்கள். ஒருவன் தங்கையை இன்னொருவன் கட்டியிருப்பான். தங்கை மாப்பிள்ளை ரன் எடுக்க ஓடி வந்துவிட்டால் 'வேண்டாம், திரும்பிப் போ' என்று கத்த எவனுக்கும் வாய் வராது. தன் விக்கெட்டைத் தாரை வார்த்துவிட்டு வெளியே நடப்பான். அக்டோபரில் வெயில் தணிந்து லீக் தொடங்கியதும் முதல் இரண்டு ஆட்டங்களையும் இந்த லட்சணத்தில்தான் கோட்டை விட்டோம். மூன்றாவதும் போனால் லீக்கை விட்டே தூக்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் வாய்விட்டுத் திட்டுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே ஆள் அஸ்கர் அலி காக்கா. துபாய் தேராவில் ஒரு மசாலாக் கடையில் வேலை. குங்குமப்பூவை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிற சுற்றுலாக்காரர்களிடம் வாரம் முழுக்கச் சிரித்துச் சிரித்தே அவருக்குத் தாடை வலி கண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும் வரை கடை திறப்பதில்லை. அந்தக் காலை நேரம்தான் மனுஷன் மனுஷனாக இருக்கும் நேரம். முவைலா மைதானத்தில் ஸ்கோர் எழுதும் என் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் என்றால் ஒருவனும் தப்ப முடியாது.

"டேய், அந்தக் கையை வாடகைக்கா எடுத்துட்டு வந்த?" என்பார். "நாலு பேரு ஒரே தட்டுல உண்ணுற சஹன் சோத்துல கறியை நீ எடு, நீ எடுன்னு தள்ளுற மாதிரி பந்தைத் தள்ளுறீங்களேடா!" என்பார். கேப்டன் அப்துல் ஹாதி பெரிய கம்பெனியில் மேனேஜர். அவனுக்கும் விலக்கு கிடையாது. "ஃபீல்டிங் வைக்கிறியா, கல்யாணப் பந்திக்கு ஆளு உக்கார வைக்கிறியா?"

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு வாரம் அவர் வாய் கொஞ்சம் அடங்கியிருந்தால், காக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைத்தான் கேட்பார்கள்.

இந்த சீசனில் அவருடைய மருமகன் முகம்மது ரிபாய் வந்து சேர்ந்தார். மகள் அஃப்னாவைக் கட்டியவர். எங்கள் கல்லூரியில் படித்தவர்தான், ஆனால் இவர் மட்டும் வெளியூர்; ஷார்ஜாவுக்கும் புதிது. கல்யாணம் பேசும்போது 'மாப்பிள்ளை காலேஜுல ஓப்பனிங் ஆடினவரு' என்று யாரோ அளந்திருக்கிறார்கள். அதைக் காக்கா அப்படியே கேப்டனிடம் ஒப்பிக்க, ரிபாய்க்கு ஓப்பனிங் கொடுத்தாகிவிட்டது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை என்றால் சாகும்வரை விருந்தாளி. அவர் முதல் ஆட்டத்தில் முட்டை போட்டார். இரண்டாவதில் கூட ஆடியவனை ரன் அவுட் ஆக்கிவிட்டு அடுத்த பந்திலேயே தானும் போனார். கைக்கு வந்து நழுவிய கேட்சுகள் தனி.

நான் ஒவ்வொரு தடவையும் காக்காவின் வாயையே பார்ப்பேன். ஊரையே திட்டிக்கொண்டிருக்கும் அந்த வாய், பந்து மாப்பிள்ளை பக்கம் போனதும் கப்பென்று மூடிக்கொள்ளும். நழுவிய பிறகு, "சூரியன் கண்ணுல அடிச்சிருச்சு" என்று என்னிடம் சொல்வார். சூரியன் ரிபாய்க்கு முதுகுப் பக்கம் இருக்கும்.

மூன்றாவது ஆட்டத்தன்று கேப்டன் எங்கள் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வந்தான்.

"காக்கா, இன்னைக்குத் தோத்தா கலாஸ். மாப்பிள்ளைய உக்காரச் சொல்ல எங்களுக்கு வாய் வரல. மாமனார் நீங்க, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்றேன்டா. எனக்கென்ன பயமா?" என்று காக்கா எழுந்தார். நானும் கேப்டனும் கூடப் போனோம்.

கார் நிழலில் பேடு கட்டிக்கொண்டிருந்த ரிபாய் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் ஆட்டம் எப்படி இருக்கு? இங்க யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. மோசம்னா சொல்லிருங்க, நான் இன்னைக்கு ஒதுங்கிக்கிறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும்.

"சேச்சே, உங்களுக்கென்ன மாப்பிள்ளை!" என்றார் அஸ்கர் அலி காக்கா. "அருமையான ஆட்டம். நேரம்தான் கொஞ்சம் சரியில்ல."

கடையில் குங்குமப்பூ முகர்கிறவர்களிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. திரும்பிக் கேப்டனைப் பார்த்தேன். அவன் ஷூ கயிறை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

ரிபாய் இரண்டாவது பந்தில் அவுட். அப்படியும் மற்றவர்கள் முட்டி மோதி ஒரு ஸ்கோரைச் சேர்த்துவிட்டார்கள். கடைசி ஓவர் வரை ஆட்டம் எங்கள் கையில்தான் இருந்தது. எதிரணியின் கடைசி ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான். பந்து எல்லைக் கோட்டுப் பக்கம் உயரே போனது. அதன் அடியில் நின்றவன் எங்கள் அணியிலேயே நல்ல கை உள்ளவன். ரிபாய் ஓடி வருவதைக் கண்டதும் அவன் பாழாய்ப்போன மரியாதையோடு இரண்டடி விலகி வழிவிட்டான். பந்து ரிபாயின் கையில் பட்டுத் தெறித்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. அவர்களுக்கு வேண்டிய ரன் வந்துவிட்டது; எங்களுக்கு லீக் முடிந்தது.

காக்கா எழுந்தார். அன்றைக்கு அவர் திட்டியதைப் போல நான் என்றும் கேட்டதில்லை. பந்து போட்டவனைத் திட்டினார். விலகி நின்றவனைத் திட்டினார். கேப்டனை அவன் கம்பெனியோடு சேர்த்துத் திட்டினார். வெள்ளிக்கிழமைகளையெல்லாம் உங்களை நம்பிப் பாழாக்கினேனேடா என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் ரிபாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். காக்கா ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"எனக்கு, மாமா?" என்றார் ரிபாய்.

"என்ன மாப்பிள்ளை?"

"கேட்சை விட்டது நான். எல்லாரையும் திட்டுனீங்க, என்னை மட்டும் திட்டலையே. இவங்கல்லாம் உங்க ஆளுங்க. நான் யாரு? இந்த ஊருக்கு வந்ததுலேருந்து ஒருத்தர்கூட எங்கிட்ட நெசம் பேசல. நீங்களாச்சும் பேசுவீங்கன்னுதான் காலையில கேட்டேன். திட்டுங்க மாமா."

நல்ல காரமான வார்த்தை ஒன்று காக்காவின் நுனி நாக்குக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். நாங்கள் எல்லாரும் அதற்காகக் காத்து நின்றோம்.

"வெயிலு ஏறுது மாப்பிள்ளை," என்றார். "கார்ல ஏசி போடுறேன். வந்து உக்காருங்க."

ரிபாய் காரைத் தாண்டி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.