அப்பாவின் கையில் ஆமை

செவிலியர் என் அப்பாவின் விரலில் நாடித்துடிப்பு பார்க்கும் கருவியை மாட்டினார். அவர் மணிக்கட்டைப் பார்த்ததும் மாமல்லபுரத்துக் குப்பத்தில் இருந்த எங்கள் வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது நான் சிறுமி; அப்பா கண் மஞ்சளாகிப் படுத்திருந்தார். வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். "வாதம்னா நாடி மயிலு நடை, கபம்னா தவளை தத்தும். இங்க நடுவெரலாண்ட ஆமை ஊருது. பித்தம் ஏறிக்கீது."

எனக்குச் சிலிர்த்தது. அப்பாவுக்குள் ஆமையா! எங்கள் கரையில் முட்டையிடும் ஆமை கடலுக்குத்தானே திரும்பும்? ஓடிப்போய்க் குடத்தில் கடல்நீர் மொண்டுவந்து அவர் கையை முக்கினேன்.

"இன்னாடி பண்றே?"

"ஆமைய வுட்டுடறேன்ப்பா."

படுத்திருந்தவர் சிரித்துவிட்டார்.

இன்று அதே கையை என்னிடம் நீட்டினார். "ஆமை கீதா பாரு."

மூன்று விரல் வைத்தேன். நடுவிரலுக்கடியில் அது மெல்ல ஊர்ந்தது. அது அங்கேயே ஊரட்டும் என்று இந்த முறை நான் தண்ணீருக்கு ஓடவில்லை.